காலியாக நிற்கும் இரண்டு கட்டங்கள்

முக்கோணத்தின் வகைகள் ஆறு என்று பள்ளியில் சொல்லித் தரப்படுகிறது. மூன்று பக்கங்களும் சமமானால் சமபக்க முக்கோணம், இரண்டு மட்டும் சமமானால் இருசமபக்க முக்கோணம், மூன்றும் வேறு வேறானால் அசமபக்க முக்கோணம். எல்லாக் கோணங்களும் 90 பாகைக்குக் குறைவானால் குறுங்கோண முக்கோணம், ஒரு கோணம் சரியாக 90 பாகையானால் செங்கோண முக்கோணம், ஒரு கோணம் 90 பாகையைத் தாண்டினால் விரிகோண முக்கோணம். ஒரே மூச்சில் ஒப்பித்துவிடக்கூடிய இந்தப் பட்டியலை மனப்பாடத்துக்குரிய பெயர்க்கோவையாக நடத்தி முடித்துவிட்டுப் பெரும்பாலான வகுப்புகள் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றன. ஆனால் இந்த ஆறும் ஒரே கேள்விக்குரிய ஆறு விடைகள் அல்ல. பக்கத்தைப் பற்றி ஒன்றும் கோணத்தைப் பற்றி ஒன்றுமாக இரண்டு கேள்விகளுக்குரிய மும்மூன்று விடைகள். ஆகவே எந்த முக்கோணத்துக்கும் ஒரே சமயத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. அந்த இரண்டு பெயர்களும் நினைத்தபடியெல்லாம் சேர்ந்துகொள்வதில்லை என்பதைக் கவனிக்கும் இடத்தில்தான் பெயரிடும் வேலை முடிந்து வடிவியல் தொடங்குகிறது.

பெயர்களையும் எளிதில் கடந்துவிட முடியாது. செங்கோணம் என்ற சொல்லில் உள்ள செம்மை சிவப்பு நிறத்தைக் குறிப்பதன்று. வளையாமை, நேராக நிற்றல் என்ற பொருளில் வருவது. செங்குத்து, செங்கோல் ஆகிய சொற்களில் இருப்பதும் அதே செம்மைதான்; கோணிய ஆட்சி கொடுங்கோல் என்று பெயர் பெற்றது அதற்கு எதிர்ப்பொருளில். தரையில் நட்ட கம்பம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்போது அது தரையோடு உண்டாக்கும் கோணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. கிரேக்க மொழியும் இதே வழியில் சென்று, நிமிர்ந்தது என்ற பொருளுடைய சொல்லால் அக்கோணத்தை அழைத்தது. மற்ற இரண்டில் வழிகள் பிரிகின்றன. 90 பாகையைத் தாண்டிய கோணத்தைக் கிரேக்கர் மழுங்கியது என்றனர்; தமிழ் விரிந்தது என்றது. 90 பாகைக்குக் குறைந்ததைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குறுங்கோணம் என்று அளவால் குறிக்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கூர்ங்கோணம் என்று வடிவால் குறிக்கின்றன; கிரேக்கச் சொல்லின் பொருளும் கூர்மையே. முக்கோணத்தை முக்கோணி என்பதும், செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீண்ட பக்கத்தைக் கர்ணம் என்னாமல் செம்பக்கம் என்பதும் இலங்கை வழக்கு. இவ்விரண்டு வழக்குகளுள் கூர்ங்கோணம் என்பதே மேலான சொல்லாகத் தோன்றுகிறது. அட்டையை வெட்டி எடுத்த முக்கோணத்தின் முனையை விரலால் தொட்டவுடன் பொருள் விளங்கிவிடும் சொல் அது.

கோணத்தைக் கொண்டு பிரிக்கும் மூன்று வகைகளில் ஒரு கோணல் இருக்கிறது. செங்கோண முக்கோணத்துக்கும் விரிகோண முக்கோணத்துக்கும் பெயர் தருவது ஒரே ஒரு கோணம். குறுங்கோண முக்கோணத்துக்கு மட்டும் மூன்று கோணங்களும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் யூக்ளிட் தொகுத்த 'மூலங்கள்' என்ற நூலின் முதற்புத்தகத்தில், 20ஆம் வரையறை பக்கங்களைக் கொண்டும் 21ஆம் வரையறை கோணங்களைக் கொண்டும் முக்கோணங்களைப் பிரிக்கின்றன. இந்தக் கோணல் அங்கேயே உள்ளது. ஒரு முக்கோணத்தில் ஒரு விரிகோணமும் ஒரு செங்கோணமும் சேர்ந்திருந்தால் அதை எந்த வகையில் வைப்பது என்ற கேள்வியை வரையறை எழுப்பவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பது பின்னால் 17ஆம் தேற்றத்தில் வருகிறது: முக்கோணத்தின் எந்த இரண்டு கோணங்களைக் கூட்டினாலும் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைவாகவே இருக்கும். அதாவது, எந்த முக்கோணத்திலும் குறைந்தது இரண்டு குறுங்கோணங்கள் உண்டு. வகையை முடிவு செய்வது எஞ்சிய மூன்றாவது கோணம் மட்டுமே. மாணவர் வரையறையாகப் படிக்கும் வாக்கியத்துக்குள் இன்னும் நிறுவப்படாத ஒரு தேற்றம் ஒளிந்திருக்கிறது.

இப்போது பக்கத்துக்கு மூன்று வரிசை, கோணத்துக்கு மூன்று நிரல் என்று ஒன்பது கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முக்கோணம் வரைந்து பார்க்கலாம். அசமபக்க வரிசையில் மூன்று கட்டங்களும் நிரம்பிவிடும். பக்கங்கள் 3, 4, 5 ஆனால் செங்கோணம். 4, 5, 6 ஆனால் குறுங்கோணம். 2, 3, 4 ஆனால் விரிகோணம். இருசமபக்க வரிசையும் நிரம்பிவிடும். கணிதப் பெட்டியில் உள்ள மூலைமட்டங்களுள் 45 பாகை முனைகள் கொண்டது இருசமபக்கச் செங்கோண முக்கோணமே. சமபக்க வரிசையில் குறுங்கோணக் கட்டம் ஒன்றுதான் நிரம்பும். சமபக்கச் செங்கோண முக்கோணம், சமபக்க விரிகோண முக்கோணம் என்ற இரண்டு கட்டங்களில் எத்தனை முறை முயன்றாலும் எதையும் வரைய முடியாது. ஒன்பதில் ஏழு நிரம்பி இரண்டு காலியாக நிற்கின்றன. மனப்பாடத்துக்குரியது என்று ஒதுக்கப்பட்ட பாடத்தின் சாரம் நிரம்பிய ஏழு கட்டங்களைவிட இந்தக் காலிக் கட்டங்களில்தான் அதிகம் இருக்கிறது.

காலியாக இருப்பதற்கான காரணத்தைச் சொல்வது கடினமன்று. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது யூக்ளிடின் 5ஆம் தேற்றம். அதை இருமுறை பயன்படுத்தினால் சமபக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சமமாகிவிடும். அவற்றுள் ஒன்று செங்கோணமானால் மூன்றும் செங்கோணமாக வேண்டும்; 17ஆம் தேற்றம் இரண்டைக்கூட அனுமதிப்பதில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் 17ஆம் தேற்றத்தின் மீது விழுகிறது. அதுவோ தனக்கு முந்தைய 16ஆம் தேற்றத்தின் மீது சாய்ந்து நிற்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வெளியே நீட்டும்போது உண்டாகும் வெளிக்கோணம், அதற்கு உள்ளெதிரே இருக்கும் இரண்டு கோணங்களுள் எதைக் காட்டிலும் பெரியது என்பது அந்தத் தேற்றம்.

அதன் நிரூபணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். அ, ஆ, இ என்ற முனைகளையுடைய முக்கோணத்தில் ஆ–இ என்ற பக்கம் இ–க்கு அப்பால் நீட்டப்படுகிறது. அ–இ என்ற பக்கத்தின் நடுப்புள்ளிக்கு ஆ–விலிருந்து ஒரு கோடு இழுத்து, அதே நீளத்துக்கு மறுபுறமும் நீட்டி, முடிந்த இடத்தை ஈ என்று குறித்து, ஈ–யை இ–யோடு இணைக்க வேண்டும். நடுப்புள்ளியின் இரு பக்கங்களிலும் இப்போது இரண்டு சிறு முக்கோணங்கள் நிற்கின்றன. இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட குத்தெதிர்க் கோணமும் சமமாக இருப்பதால் அவை சர்வசமம். எனவே அ–வில் உள்ள கோணம் அப்படியே பெயர்ந்து வந்து இ–யின் வெளிக்கோணத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே அடங்கியது அடக்கியதைவிடச் சிறியது என்பதால் தேற்றம் முடிகிறது. ஈ என்ற புள்ளி வெளிக்கோணத்தின் உள்ளேதான் விழும் என்பதைப் படத்தைப் பார்த்து எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். யூக்ளிடும் அதை வார்த்தையால் நிறுவவில்லை. நேர்க்கோட்டை வேண்டிய அளவுக்கு நீட்டலாம், நீட்டிய கோடு திரும்பி வராது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் சத்தமின்றி நுழைகிறது.

மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற புகழ்பெற்ற முடிவு இதற்கெல்லாம் பின்னர், 32ஆம் தேற்றத்தில்தான் வருகிறது. ஒரு முனை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் மற்ற இரு கோணங்களும் அந்த முனைக்கு வந்து சேர்ந்து மூன்றும் ஒரு நேர்க்கோட்டின் மீது அமர்ந்துவிடும். காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து அருகருகே ஒட்டும் வகுப்பறைச் செயல்பாடு இதன் கைவேலை வடிவம். (பாகை என்ற அலகு யூக்ளிடிடம் இல்லை, அவருக்குச் செங்கோணமே அலகு, ஆகவே அவர் சொன்னது இரண்டு செங்கோணங்கள் என்றுதான்.) இந்த நிரூபணத்தில் முக்கோணம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற பேச்சே எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அந்த மௌனம் எளிதாகக் கிடைத்ததன்று. பழங்காலத்தவர் இந்தத் தேற்றத்தை முதலில் சமபக்க முக்கோணத்துக்கும், பின்னர் இருசமபக்கத்துக்கும், பின்னர் அசமபக்கத்துக்கும் என்று வகைதோறும் தனித்தனியே நிறுவினர் என்றும், பின்வந்தோரே எல்லாவற்றுக்கும் ஒன்றாக நிறுவினர் என்றும் கெமினஸ் என்ற கிரேக்க அறிஞர் கூறியதாகப் பிற்கால உரையாசிரியர் யூட்டோகியஸ் பதிவு செய்துள்ளார். அரிஸ்டாட்டில் தம் தர்க்க நூல்களுள் ஒன்றில் இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் மூன்று வகைகளுக்கும் தனித்தனியே நிறுவி, அவற்றைத் தவிர வேறு முக்கோணம் இல்லாவிட்டாலும்கூட, முக்கோணத்துக்கு அப்பண்பு உண்டு என்பதை அவர் இன்னும் அறிந்தவராக மாட்டார் என்று வாதிடுகிறார். சமபக்கமாக இருப்பதாலோ அசமபக்கமாக இருப்பதாலோ அப்பண்பு வரவில்லை, முக்கோணமாக இருப்பதால் வந்தது என்று காண்பதே அறிவு என்பது அவர் நிலை. வகைப்பாட்டின் பயனைப் பற்றி இதைவிட ஆழமாகச் சிந்தித்தவர் அரிது. எந்த இடத்தில் வகையைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் அதை மறக்க வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்ததே அந்தப் பயன்.

இந்தச் சிக்கல் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் மீண்டும் எழுந்தது. பொது முக்கோணம் என்ற கருத்து மனத்தில் எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்ந்த ஜான் லாக், அது எந்த வகையையும் சேராததாகவும் எல்லா வகைகளையும் ஒருங்கே கொண்டதாகவும் இருக்க வேண்டியிருக்கும் இடர்ப்பாட்டைச் சுட்டினார். அப்படி ஒன்றை மனத்தால் கற்பனை செய்யவே முடியாது என்று 1710இல் எழுதிய ஜார்ஜ் பெர்க்லி, வரையப்படுவது எப்போதும் குறிப்பிட்ட ஒரு முக்கோணமே, நிரூபணம் அதன் தனித்தன்மையைத் தொடாதவரை அது மற்ற அனைத்துக்கும் பிரதிநிதியாக நிற்கும் என்று தீர்வு கண்டார். கரும்பலகையில் ஆசிரியர் வரையும் படம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தேற்றம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கூடுதல் 180 என்று தெரிந்த பிறகு முக்கோண வகைகள் அனைத்தையும் ஒரே காகிதத்தில் நிலப்படம்போல் விரித்துக் காட்ட முடியும். ஏ4 தாளில் 18 சென்டிமீட்டர் உயரமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்தால் அதன் பக்கம் ஏறக்குறைய 20.8 சென்டிமீட்டர், 21 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளில் மயிரிழையில் அடங்கிவிடும். சமபக்க முக்கோணத்தின் உள்ளே எங்கே ஒரு புள்ளி வைத்தாலும், அதிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவுகளின் கூடுதல் அதன் உயரத்துக்குச் சமம் என்பது பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான விவியானியின் பெயரால் வழங்கும் தேற்றம். ஆகவே ஒரு மில்லிமீட்டரை ஒரு பாகை என்று வைத்துக்கொண்டால், வரைந்த முக்கோணத்தின் உள்ளே உள்ள ஒவ்வொரு புள்ளியும் கூடுதல் 180 ஆகும் மூன்று கோணங்களை, அதாவது ஒரு முக்கோண வடிவத்தைக் குறிக்கும். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் உள்ளே தலைகீழாக ஒரு சிறு முக்கோணம் உண்டாகும். அதற்குள் விழும் புள்ளிகள் எல்லாம் குறுங்கோண முக்கோணங்கள். வெளியே மூன்று மூலைகளில் விழுபவை எல்லாம் விரிகோண முக்கோணங்கள். இரண்டுக்கும் நடுவே வேலியாக ஓடும் மூன்று கோடுகளே செங்கோண முக்கோணங்கள். பெரிய முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களை வரைந்தால் இருசமபக்க முக்கோணங்கள் எல்லாம் அவற்றின் மீது வரிசையாக நிற்கும். அந்த மூன்றும் சந்திக்கும் நடுப்புள்ளி ஒன்று மட்டுமே சமபக்க முக்கோணம்.

இந்தப் படம் பழக்கத்தால் உண்டான சில எண்ணங்களைத் திருத்துகிறது. பாடநூல்களில் மிகுதியாக வரையப்படும் செங்கோண முக்கோணம் இங்கே பரப்பே இல்லாத வெறும் கோடு; கண்மூடிப் புள்ளி வைத்தால் அதன்மேல் விழ வாய்ப்பில்லை. படத்தில் கால்வாசி குறுங்கோணத்துக்கும் முக்கால்வாசி விரிகோணத்துக்கும் சொந்தம். முக்கோணம் ஒன்று வரையச் சொன்னால் எவருடைய கையும் குறுங்கோணத்தை நோக்கியே செல்லும் என்றாலும், எண்ணிக்கையில் ஆள்வது விரிகோணமே. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் குழந்தைக் கதைகள் எழுதிய கணித ஆசிரியர் சார்லஸ் டாஜ்சன், 1893இல் வெளியிட்ட கணக்குத் தொகுப்பில் இதே கேள்வியை வேறு வழியில் அணுகி, விரிகோணமாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு என்ற விடையைத் தந்தார். எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். காலிக் கட்டங்கள் ஏன் காலி என்பதும் இப்படத்தில் கண்ணுக்கே தெரிகிறது. சமபக்கம் என்ற ஒற்றைப் புள்ளி குறுங்கோணப் பரப்பின் நட்டநடுவில் இருக்கிறது; அது வேலியைத் தொட வழியே இல்லை.

வழியில்லை என்பது காகிதத்தைப் பொறுத்தவரைதான். கோளத்தின் மீது நேர்க்கோட்டின் இடத்தை வகிப்பது பெருவட்டம், அதாவது கோளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம். பூமியில் நிலநடுக்கோடும் தீர்க்கரேகைகளும் இத்தகையவை. வட துருவத்தை ஒரு முனையாகவும், நிலநடுக்கோட்டின் மீது 0 பாகை தீர்க்கரேகையில் ஆப்பிரிக்காவின் மேற்கே கடலில் ஒரு புள்ளியையும், 90 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இந்தியப் பெருங்கடலில் ஒரு புள்ளியையும் மற்ற இரு முனைகளாகவும் கொண்டால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள சமபக்க முக்கோணம் கிடைக்கிறது. அதன் மூன்று கோணங்களும் செங்கோணங்கள். சமபக்கச் செங்கோண முக்கோணம் என்ற காலிக் கட்டம் நிரம்பிவிட்டது. மற்றதும் நிரம்பும்: கோளத்தின் மேற்பரப்பைச் சமமான நான்கு சமபக்க முக்கோணங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு முனையிலும் மூன்று முக்கோணங்கள் கூடுவதால் ஒவ்வொரு கோணமும் 120 பாகை; அது சமபக்க விரிகோண முக்கோணம்.

யூக்ளிடின் 16ஆம் தேற்றம் எங்கே தவறுகிறது என்பதையும் இதே பூமி முக்கோணம் காட்டிக்கொடுக்கிறது. வட துருவத்தை ஆ என்றும், நிலநடுக்கோட்டுப் புள்ளிகளை அ, இ என்றும் கொண்டு அதே நிரூபணத்தை நடத்தினால், ஆ–விலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இழுக்கும் கோடு நிலநடுக்கோட்டை 45 பாகைத் தீர்க்கரேகையில் தொடுகிறது. அதை அதே நீளத்துக்கு மேலும் நீட்டினால் ஈ என்ற புள்ளி தென் துருவத்தில் போய் விழுகிறது. ஆ–இ என்ற பக்கத்தை நீட்டினாலும் அதுவும் போய்ச் சேருவது அதே தென் துருவம். வெளிக்கோணத்தின் உள்ளே விழ வேண்டிய புள்ளி அதன் கரையிலேயே விழுந்துவிட, பெரியது என்று சொல்லப்பட்ட வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமமாகி, இரண்டும் 90 பாகையில் நிற்கின்றன. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நீட்டிய கோடு திரும்பி வராது என்று சொல்லாமல் எடுத்துக்கொண்ட அந்த ஒன்றுதான் கோளத்தில் பொய்த்தது.

கோளத்து முக்கோணத்தில் கோணங்களின் கூடுதல் எப்போதும் 180 பாகையைத் தாண்டும். தாண்டும் அளவு அதன் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஏட்டுக் கணக்காக மட்டும் இருக்கவில்லை. 1802 ஏப்ரலில் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்து கிளம்பியது. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிடலாம், அந்தப் பக்கத்தின் மீது அடுத்த முக்கோணத்தை எழுப்பலாம் என்ற ஒரே வழியில் மலை, கோட்டை, கோபுரம் என்று உயர்ந்த இடங்களைக் கோத்துக்கொண்டே சென்றார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானி அதற்குக் கருவி. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்ததும், லாம்டனே அதைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தியதும் அளவையின் வரலாற்றில் உள்ளவை.

முக்கோண வகைகள் அளவையாளருக்கு அன்றாடக் கவலை. கோணம் மிகவும் கூர்மையாகிவிட்டால் அதில் நேரும் சிறு பிழையும் பக்கத்தின் நீளத்தில் பெரிதாக வெளிப்படும் என்பதால், எந்தக் கோணமும் 30 பாகைக்குக் கீழோ 120 பாகைக்கு மேலோ போகாத முக்கோணங்களையே அவர்கள் விரும்பினர். சமபக்கத்தை நெருங்க நெருங்க முக்கோணம் நல்லது. நிலத்தின் பரப்பு ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டர் கூடும்போது கோணங்களின் கூடுதல் ஒரு விநாடி, அதாவது பாகையின் 3600இல் ஒரு பங்கு, மிகையாகும். பக்கத்துக்கு 40 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் இது மூன்றரை விநாடி. மிகமிகச் சிறியது என்றாலும், விநாடிக் கணக்கில் கோணம் அளக்கும் கருவியின் முன்னால் அதைப் பிழை என்று தள்ள முடியாது, கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். பரங்கிமலையிலிருந்து கிளம்பிய முக்கோணங்களுள் எதுவும், கறாராகச் சொன்னால், 180 பாகை முக்கோணம் அன்று.

இதற்கு நேர் எதிரான தளமும் உண்டு. இணைகோடுகளைப் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளை விலக்கிவிட்டு 1829இல் ரஷ்யாவின் லொபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போயாயும் வெளியிட்ட வடிவியலில் கோணங்களின் கூடுதல் எப்போதும் 180 பாகைக்குக் குறைவு. அங்கே கோடு திரும்பி வருவதில்லை ஆதலால் 16ஆம் தேற்றமும் 17ஆம் தேற்றமும் பிழைத்துக்கொள்கின்றன. அந்த இரண்டு கட்டங்களும் அங்கேயும் காலிதான். ஆகவே அவற்றைக் காலியாக வைத்திருப்பது 180 என்ற எண் அன்று. நீட்டிய கோடு திரும்பி வருமா, வராதா என்ற தளத்தின் இயல்பே அவற்றை ஆள்கிறது.

பாடநூல் எழுதுவோரும் வகுப்பெடுப்போரும் ஆறு பெயர்களோடு நிறுத்தாமல் ஒன்பது கட்டங்களையும் வரைந்து, இரண்டைக் காலியாக விட்டு, ஏன் என்று மாணவரிடம் கேட்க வேண்டும். விடை கிடைத்த பிறகு ஒரு சாத்துக்குடியை மேசையில் வைத்துக் குறுக்கே ஒரு முறையும், நெடுக்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு முறையும் வெட்டினால் போதும். எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் தோலும் மூன்று சம பக்கங்களும் மூன்று செங்கோணங்களும் உள்ள முக்கோணம்.